விழுந்தவர் யாருமில்லை

என் மனைவிக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று ஓர் இடத்தில் சேர்த்தேன். அங்கே அவள் தப்பித்தவறி நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு தனிக் குழுவே போட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லோரும் படித்தவர்கள், நல்லவர்கள், தரத்துக்காக உயிரையும் கொடுக்கக்கூடியவர்கள். கொடுக்கவேண்டிய உயிர் அடுத்தவருடையதாக இருந்தால் இன்னும் உற்சாகமாகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். என் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் பாதிப் பேருடைய சண்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இணைப்புக் கொடுத்தவள் என்பதால் யாருக்கும் பயப்பட மாட்டாள். ஒருநாள் வீட்டு மின்விசிறியைத் துடைத்தேன். நான் துடைத்த லட்சணம் அவளுக்குப் பிடிக்கவில்லை. மறுபடி துடைக்கிறேன் என்று அவளே ஸ்டூல்மேல் ஏறினாள். ஸ்டூல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். இடுப்பு எலும்பு முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் தைத்து, 'இனிமேல் நடைப்பயிற்சிதான்' என்று மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பினார்கள். அது இரண்டு தளம் கொண்ட கட்டடம். கீழ்த்தளம் பயிற்சி பெறுகிறவர்களுக்கு. மாடி, 'நிரந்தரப் பராமரிப்பு'. விதி ரொம்பச் சுலபம். டாக்டர் முன்னால் கட்டிலிலிருந்து கதவுவரைக்கும், கதவிலிருந்து கட்டில்வரைக்கும் ஒற்றை ஊன்றுகோலோடு நடந்து காட்டவேண்டும். நடந்தால் வீடு. நடக்காவிட்டால் மாடி. மாடிக்குப் போனவர்கள் படியில் இறங்கி வந்து நான் பார்த்ததில்லை. லிஃப்டில் இறங்குவார்கள், படுத்தபடி.

முதல் சில வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பயிற்சி அறையில் இடுப்பு உயரத்துக்கு இரண்டு நீளக் கம்பிகள் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நடப்பாள். கற்றுக்கொடுத்த பெண்ணை எல்லோரும் பிசியோ என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு கம்மி, கையில் பலம் அதிகம்.

"அம்மா, கீழ பார்க்காதீங்க. தரை எங்கயும் ஓடிடாது."

"அதை நம்பித்தானேம்மா ஸ்டூல்ல ஏறுனேன்."

இப்படிப் பேசிக்கொண்டே கம்பியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடுவாள். கம்பியை விட்டு ஊன்றுகோலுக்கு மாறும் தறுவாயில் மாற்ற இயக்குநர் வந்து சேர்ந்தார்.

தலைமை அலுவலகம் அவரை அனுப்பியிருந்தது. இல்லத்தின் தரத்தை உயர்த்துவதற்காக. அதற்குமுன் ஒரு விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகள் தொலைந்துபோவதை அடியோடு ஒழித்தவராம். பெட்டிகளை வாங்கி வைப்பதையே நிறுத்திவிட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். இளைஞர். பளபளப்பான ஷூ. யாரைப் பார்த்தாலும் இரண்டு கைகளாலும் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க குரல் எனக்கு முக்கியம்" என்பார். நாம் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் கையைப் பிடித்திருப்பார்.

வந்த வாரமே எங்களையெல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அவர் கையில் ஒரு ரப்பர் பந்து. பந்து யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், எல்லோரும் சமம் என்றார். பந்தை அவரேதான் வைத்திருந்தார்.

"நண்பர்களே, இதுவரைக்கும் இங்க இருக்கிறவங்களை நோயாளின்னு சொன்னோம். அது பழைய சிந்தனை. இன்னையிலேர்ந்து அவங்க பயணிகள்."

பக்கத்துக் கட்டில்காரர் கையைத் தூக்கினார். தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த மனிதர். மீசையைப் பார்த்து எல்லோரும் கர்னல் என்று கூப்பிடுவார்கள்.

"எங்க போறோம் சார்?"

"தரத்தை நோக்கி."

"எத்தனை மணிக்கு?"

இயக்குநர் சிரித்தார். கர்னலின் பெயரைக் குறித்துக்கொள்ளும்படி தலைமை நர்ஸுக்குக் கண்ணைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"நாம எதை எண்ண முடியுமோ அதைத்தான் நேசிக்க முடியும். இங்க எண்ணக்கூடியது என்ன இருக்குன்னு ராத்திரி பகலா யோசிச்சேன். வலியை எண்ண முடியலை. ஒருத்தர் தேறி வர்றதை எண்ணலாம், ஆனா அதுக்கு ரொம்ப நாள் ஆகுது. ஆனா விழுறதை எண்ணலாம்! தரையில ஆள் இருக்காங்களா இல்லையான்னு யார் வேணும்னாலும் பார்த்துச் சொல்லிடலாம். அதனால இனிமே நம்ம இல்லத்தோட ஒரே லட்சியம், யாரும் விழக்கூடாது."

யார்தான் விழவேண்டும் என்று சொல்வார்கள்? நானும் கைதட்டினேன். வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும், சற்று பலமாகவே தட்டினேன்.

"அடுத்து, ஏன் விழுறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணினோம். இதுவரைக்கும் இங்க விழுந்த அத்தனை பேருக்கும் பொதுவா ஒரு விஷயம் இருக்கு. யாருமே கவனிச்சதில்லை. விழுறதுக்கு முன்னாடி அவங்க எல்லாருமே நின்னுட்டு இருந்திருக்காங்க."

தலைமை நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இத்தனை வருட வேலையில் இது தனக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. வரவேற்பறையில் தெருமுனையில் இருப்பதுபோல மூன்று விளக்குகள் கொண்ட ஒரு கம்பம் வந்தது. யாரும் விழவில்லையென்றால் பச்சை. யாராவது தள்ளாடினால் மஞ்சள். விழுந்தால் சிவப்பு. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு மெத்தை போட்டார்கள். உட்கார்ந்திருக்கிறவர் எழுந்தால், ஏன், எழலாமா என்று யோசித்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால்கூட, மெத்தை ஒரு குழந்தைப் பாட்டு மெட்டைப் பாடும். உடனே ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட மூன்று பேர் எங்கிருந்தோ ஓடி வந்து, "உட்காருங்க, உட்காருங்க, உட்காருங்க" என்று அமுக்குவார்கள். இவர்களுக்கு அமர்வுக் காவலர்கள் என்று பெயர். தும்மினால் மெத்தை பாடியது. கர்னல் வாய்விட்டுச் சிரித்தாலும் பாடியது. கர்னலிடம் நகைச்சுவையாக எதுவும் பேசவேண்டாம் என்று எங்களுக்கு அறிவுரை வந்தது.

மறுநாள் பயிற்சி அறைக்குப் போனேன். இரண்டு கம்பிகளையும் துணியால் சுற்றி, மேலே பூந்தொட்டிகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிசியோ ஒரு மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சட்டையில் புதுப் பெயர்ப்பட்டை, 'அமர்வு ஆலோசகர்'.

"என்னம்மா இது?"

"எனக்குப் பதவி உயர்வு சார். இனிமே சரியா உட்கார்றது எப்படின்னுதான் சொல்லித் தரணும்."

"என் பொண்டாட்டிக்கு உட்காரத் தெரியுமேம்மா. அதை அவ சின்ன வயசுலயே கத்துக்கிட்டா."

"தெரியும் சார். நடக்கவும் பாதி தெரிஞ்சுக்கிட்டாங்க. இப்படியே உட்கார வச்சா அந்தப் பாதியும் போயிடும். தசை சும்மா இருக்காது, கரைஞ்சுடும்." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது. "நான் எழுதிக் கொடுத்தேன் சார். நான் இன்னும் பழைய மனநிலையில இருக்கேனாம். எனக்கு ஒரு வகுப்பு ஏற்பாடு பண்ணியிருக்காங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேராக இயக்குநரின் அறைக்குப் போனேன். அவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். விட்டால் பந்தை எடுத்துவிடுவார் என்று பயந்து, ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தேன். நடக்கத்தான் இங்கே சேர்த்தேன், நடக்காவிட்டால் மாடிக்கு அனுப்புவீர்கள், நடக்கவும் விடமாட்டீர்கள், இதென்ன நியாயம் என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ரொம்ப சந்தோஷம் ஐயா. அருமையான முன்னேற்றம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்." சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினார். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரைந்திருந்தது. கோடு நெடுக வண்ண வண்ணக் குண்டூசிகள். "மாற்றம் வரும்போது மனுஷங்க மனசு இந்த வழியாத்தான் போகும். முதல்ல மறுப்பு, அப்புறம் கோபம், அப்புறம் சோர்வு, கடைசியா ஏற்பு. போன வாரம் நீங்க மறுப்புல இருந்தீங்க. இப்ப கோபத்துக்கு வந்துட்டீங்க!" என்று சொல்லி ஒரு சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கி அடுத்த இடத்தில் குத்தினார். அது நான்.

"சார், நான் சொன்ன விஷயம்..."

"விஷயம் முக்கியமில்லை ஐயா. நீங்க எங்க இருக்கீங்கங்கிறதுதான் முக்கியம். அடுத்தது சோர்வு. பயப்படாதீங்க, நாங்க கூடவே இருந்து உங்களைச் சோர்வடைய வைப்போம்."

அந்த விஷயத்தில் அவர் வாக்குத் தவறவில்லை. வீட்டுக்குப் போகும்போது ஒரு ஆளைத் தோளில் சுமந்துகொண்டு போவதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் கர்னல் விழுந்தார். விழுந்தார் என்று நான் சொல்கிறேன், நான் படிக்காதவன். நாற்காலியிலேயே தூங்கி, அப்படியே வழுக்கி, தரைக்கு வந்து சேர்ந்தார். பிசியோ ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்தது. அதற்காக அதன்மேல் விசாரணை வந்தது. நடந்தது என்னவென்று தர நிர்ணயக் குழு முடிவு செய்வதற்குள் ஆளை அப்புறப்படுத்தியது தப்பாம். இனிமேல் யாராவது தரையில் காணப்பட்டால், குழு வந்து அது என்ன வகை என்று சொல்லும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்று புது விதி போட்டார்கள். தலையணை மட்டும் கொடுக்கலாம்.

குழு ஒருநாள் முழுக்கக் கூடியது. விழுதல் என்றால் என்ன? மேலிருந்து கீழே வருவது. ஆனால் நாமெல்லாம் தினமும் படியில் மேலிருந்து கீழேதானே வருகிறோம்? தூங்குகிறவருக்கு விழும் எண்ணம் கிடையாது, எண்ணம் இல்லாத செயலைச் செயலென்று எப்படிக் கணக்கில் எடுப்பது? சாயங்காலம் முடிவை அறிவித்தார்கள். கர்னல் விழவில்லை. நடந்தது 'திட்டமிடாத தரை அமர்வு'. விளக்கு பச்சையிலேயே இருந்தது. கர்னலுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். கூடவே, இப்படித் திட்டமிடாமல் அமர்கிறவருக்குக் கீழ்த்தளம் ஏற்றதல்ல என்று சொல்லி, மறுநாளே மாடிக்கு மாற்றிவிட்டார்கள்.

போகும்போது சக்கர நாற்காலியிலிருந்து என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். மீசை மட்டும்தான் பழைய மாதிரி இருந்தது.

"தங்கச்சி, நீயாவது நடந்து போயிடு. போறப்ப கீழேருந்து ஒரு கையைக் காட்டு. ஜன்னலோரக் கட்டிலாம் எனக்கு."

அவர் போனதும் தலைமை நர்ஸ் எங்களிடம் வந்தார். இல்லங்களுக்குத் தர விருது கொடுக்கும் குழுவின் மதிப்பீட்டாளர் ஒருவர் மாத முடிவில் வருகிறாராம். அன்றைக்கே டாக்டரும் வந்து என் மனைவிக்கு இறுதிப் பரிசோதனை வைத்துவிடுவாராம்.

"நடக்கலைன்னா கவலைப்படாதீங்கம்மா. மாடியில உங்களுக்கும் ஜன்னலோரமே பார்த்து வச்சாச்சு. நல்லா காத்து வரும்."

என் மனைவி நர்ஸ் போகும்வரை காத்திருந்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, நான் வீட்டுக்கு வரணும்."

"வரணும்."

"வெறுமனே வரணும் வரணும்னா ஆச்சா? இங்க வந்து உட்காருங்க."

"எங்க?"

"என் மடியிலயா உட்காரச் சொல்றேன்? நாற்காலியில."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மெத்தைக்குத் தேவை ஒரு ஆளின் கனம். அது எந்த ஆள் என்று அதற்குக் கவலையில்லை. அவள் நாற்காலியின் ஒரு விளிம்புக்கு நகர்ந்தாள். மறு விளிம்பில் நான் என்னைத் திணித்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்ததில்லை. நான் உள்ளே நகர நகர அவள் வெளியே நகர்ந்தாள். கடைசியில் நாற்காலி முழுக்க நான், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவள். மெத்தை வாயைத் திறக்கவில்லை.

கட்டிலைச் சுற்றித் திரை இருந்தது. திரைக்குள் அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய ஊன்றுகோலோடு கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்தாள். முதல்நாள் கால் கிடுகிடுவென்று நடுங்கியது. நான் எழுந்து பிடிக்கவும் முடியாது. எழுந்தால் பாட்டுக் கேட்கும். பெண்டாட்டி தடுமாறும்போது உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற புருஷனாக அந்த மாதம் முழுக்க இருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். கம்ப்ரஸரை முதுகில் சுமந்துகொண்டு மாடி ஏறியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ திரையை விலக்கிக்கொண்டு பிசியோ உள்ளே வந்தது. நாற்காலியில் என்னைப் பார்த்தது. ஊன்றுகோலோடு நின்ற அவளைப் பார்த்தது. பிறகு அது திரையைச் சரியாக இழுத்து மூடி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சுவரிடம் பேசியது.

"பொதுவா சொல்றேன். யாருக்கும் தனியா சொல்லலை. கம்பை அடிபடாத பக்கத்துக் கையில பிடிக்கணும். கம்பும் அடிபட்ட காலும் ஒண்ணாப் போகணும். அப்புறம் நல்ல கால். அவசரம் கூடாது."

அன்றிலிருந்து தினமும் வந்து சுவருக்குப் பாடம் நடத்தியது. என் மனைவி சுவரைவிட வேகமாகக் கற்றுக்கொண்டாள்.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. எல்லாருடைய மெத்தையும் நாள்முழுக்கப் பாடிக்கொண்டிருக்க, எங்கள் நாற்காலி மட்டும் பாடவே இல்லை. நான்தான் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேனே. அமர்வுக் காவலர்கள் திரையின் இடுக்கில் எட்டிப் பார்ப்பார்கள். நாற்காலியில் கால்கள் தெரியும். திருப்தியோடு போய்விடுவார்கள். மாதக் கடைசியில் என் மனைவிக்கு 'சிறந்த அமர்வாளர்' பட்டம் கொடுத்து, புகைப்படத்தை வரவேற்பறையில் மாட்டினார்கள். அவளைப்போல் ஆடாமல் அசையாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இயக்குநர் மற்ற பயணிகளுக்கு எடுத்துச் சொன்னார். அவளுக்குக் கிடைத்த நட்சத்திர பேட்ஜை அவள் என் சட்டையில் குத்திவிட்டாள்.

"உங்களுக்குத்தான் பொருத்தம். வீட்டுலயும் நீங்க இப்படித்தானே."

விருது நாளும் வந்தது. தரையைக் கண்ணாடிபோல் தேய்த்து வைத்திருந்தார்கள். பயணிகளை அவரவர் கட்டிலுக்கு முன்னால் ஒரே அளவு இடைவெளியில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். மதிப்பீட்டாளர் ஒரு நடுவயது அம்மாள். புதுச் செருப்பு கடிக்கிறது போலிருக்கிறது, காலை மாற்றி மாற்றி நின்றார். ஆனால் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நாற்காலிகள் எல்லாம் பயணிகளுக்கு. விளக்குக் கம்பத்தையும் அன்றைக்கு உள்ளேயே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பச்சை விளக்கின் கீழே நின்று இயக்குநர் பேசினார்.

"மேடம், இந்த விளக்கு ஒரு தடவைகூட நிறம் மாறினதில்லை. எங்க பயணிகள் யாரும் கீழ விழலை. யாருக்கும் கீழ விழுற வாய்ப்பைக்கூட நாங்க கொடுக்கலை. இன்னும் ஒரு படி மேல போய், படுத்தே இருக்கிற மாதிரி ஒரு திட்டம் தயாரா இருக்கு. படுத்திருக்கிறவங்க உட்கார்ந்திருக்கிறவங்களைவிடப் பாதுகாப்பு. அதுக்கும் மேல என்னன்னு இப்ப யோசிச்சுட்டு இருக்கோம்."

அதற்கும் மேலே என்னவென்று எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். அவருக்கு வெளியே இன்னொரு இடத்துக்குப் போகவேண்டிய அவசரம்.

"இடுப்பு எலும்பு அம்மா யாரு? நடங்க பார்க்கலாம்."

இயக்குநர் குறுக்கே பாய்ந்தார். "டாக்டர், இன்னைக்கு வேண்டாம். விருது நாள். நாங்க ஒரு நவீன முறை கொண்டுவந்திருக்கோம், உட்கார்ந்தபடி நடை மதிப்பீடு." என் மனைவி பக்கம் குனிந்தார். "அம்மா, கண்ணை மூடிக்கோங்க. கட்டில்லேர்ந்து கதவு வரைக்கும் நடக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க. ம்... எப்படி இருந்துச்சு?"

என் மனைவி சமர்த்தாகக் கண்ணை மூடித் திறந்தாள்.

"பாதி வழியில நீங்க குறுக்க நின்னீங்க."

"பார்த்தீங்களா டாக்டர், நடக்கலை. மாடிக்கு எழுதிடுங்க" என்றார் இயக்குநர்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். அவள் ஊன்றுகோலை எடுத்தாள். எழுந்தாள். மெத்தை உச்சஸ்தாயியில் குழந்தைப் பாட்டைப் பாடியது. ஆரஞ்சுச் சட்டைகள் மூன்று பக்கமிருந்தும் ஓடி வந்தன. "உட்காருங்க, உட்காருங்க!" அவள் ஒரு கையைத் தூக்கினாள். அந்தக் காலத்தில் அமைச்சரையும் அடகுக்கடைக்காரரையும் ஒன்றுபோல் காத்திருக்க வைத்த குரலில் சொன்னாள்.

"கொஞ்சம் லைன்ல இருங்க."

எல்லோரும் லைனில் இருந்தார்கள். கம்பும் அடிபட்ட காலும். அப்புறம் நல்ல கால். மறுபடி கம்பும் காலும். மூன்று காவலர்களும் கையை விரித்துக்கொண்டு நண்டுபோல் பக்கவாட்டில் அவளோடு நகர்ந்தார்கள். பிசியோ சுவரைப் பார்க்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. கதவைத் தொட்டாள். திரும்பினாள். வந்து கட்டிலைத் தொட்டாள். நான் ஆம்பளை, அழமாட்டேன் என்றெல்லாம் பொய் சொல்லமாட்டேன். மூக்கு ஒழுகியது.

"வீட்டுக்குப் போகலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டர் ஓடினார்.

இயக்குநர் சட்டென்று மதிப்பீட்டாளரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா மேடம்? எங்க சிறந்த அமர்வாளர்! உட்கார்ந்தே நடக்கக் கத்துக்கிட்ட முதல் பயணி! இதுதான் எங்க முறையோட வெற்றி."

"ஒருநாள்கூட நடக்கவே இல்லையா?" என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார்.

"இந்த மாசம் பூரா ஒருதடவைகூட மெத்தை சத்தம் கேட்கலை. வேணும்னா காவலர்களைக் கேளுங்க."

காவலர்கள் சத்தியம் செய்தார்கள். அங்கேயே விருது கிடைத்தது. இந்த முறையை எல்லா இல்லங்களுக்கும் கொண்டுபோவதாகவும் முடிவாயிற்று. புகைப்படம் எடுக்க என் மனைவியைக் கூப்பிட்டு, கொஞ்சம் உட்காரச் சொன்னார்கள். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குப் பதில் நான் உட்கார்ந்தேன். எனக்குத்தான் அந்த நாற்காலி பழகியிருந்ததே.

சாயங்காலமே கிளம்பினோம். டாக்ஸி கேட்டுக்கு வெளியே நின்றது. அவள் நடந்தே கேட்டுவரைக்கும் வந்தாள். கேட்டைத் தாண்டும்போது கர்னலின் ஞாபகம் வந்து, நின்று, திரும்பி, மாடி ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஊன்றுகோல் பிடித்த கையைத் தூக்கிவிட்டாள். நான் தாங்கிப் பிடித்தேன், ஆனாலும் மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் இல்லை. கால் இரண்டும் கேட்டுக்கு உள்ளே, மீதி ஆள் தெருவில்.

வழியனுப்ப வந்தவர்கள் அப்படியே உறைந்து நின்றார்கள். பிசியோ மட்டும் ஓடிவரப் பார்த்தது. தலைமை நர்ஸ் அதன் கையைப் பிடித்து நிறுத்தினார். இயக்குநர் கையை விரித்து எல்லோரையும் தடுத்தார்.

"யாரும் தொடாதீங்க! அம்மா, அசையாதீங்க! நீங்க உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் படிச்சவர்."

"இது குழு பார்க்க வேண்டிய விஷயம். காலை வச்சு முடிவு பண்றதா, இடுப்பை வச்சு முடிவு பண்றதா..." அவர் கண் கட்டடத்துப் பக்கம் போய்ப் போய் வந்தது. வாசலில் ஒட்டிய விருதுப் பலகையில் பசைகூடக் காயவில்லை. "தலையணை கொண்டு வாங்க! குழுவைக் கூப்பிடுங்க!"

எல்லோரும் குழுவைக் கூப்பிட உள்ளே ஓடினார்கள். மாடியிலிருந்து மெத்தையின் குழந்தைப் பாட்டுக் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கர்னல் நின்றுகொண்டிருந்தார். பாட்டு நிற்கவில்லை, அவரும் உட்காரவில்லை.

"எழுந்திரு தங்கச்சி!" என்று கத்தினார்.

நான் தோளைக் கொடுத்தேன். அவள் ஒரு கையால் என்னையும் மறு கையால் கேட்டையும் பிடித்துக்கொண்டு, என்னை நாலு திட்டுத் திட்டியபடியே எழுந்துவிட்டாள். டாக்ஸியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

சில நாள் கழித்துத் தலைமை நர்ஸிடமிருந்து போன் வந்தது. குரலில் நிம்மதி.

"ஐயா, நல்ல செய்தி. குழு பேசி முடிவு பண்ணிடுச்சு. அம்மா விழலை. அது எல்லை கடந்த தரை அமர்வு, எங்க கணக்குல வராது. அம்மாகிட்டச் சொல்லிடுங்க. அவங்க இப்ப எழுந்திருக்கலாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கொடிக்கும் வாளிக்குமாக நடந்து நடந்து ஈரத்துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாயில் ஒரு கிளிப். விஷயத்தைச் சொன்னேன்.

கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் ஆகும்னு சொல்லுங்க. கை வேலையா இருக்கேன்."